இனிஷியலை வெட்டிய மகனுக்கு

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் ஒரே மகன், செல்ல மகன், வருகிற திங்கட்கிழமை காலை டிபனுக்குப் பிறகு வீட்டை விட்டுக் கிளம்பி, பென் டிரைவில் ஏறி, வேங்கிக்காலில் வேன் ஆபீஸ் நடத்தும் செல்வம் அண்ணனின் கம்ப்யூட்டரில் குடியேறப் போகிறான். சுற்றமும் நட்பும் இதையே நேரில் வந்து அழைத்ததாக எண்ணிக்கொள்ளவும். அன்பளிப்பு வேண்டாம், பிரியாணி என்றால் ஏற்கப்படும். மீசையே முழுசாக முளைக்காத பாலிடெக்னிக் பையனுக்கு மகனா என்று யாரும் பதற வேண்டாம். மகனே, நீ ஒரு புரோகிராம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம் காலேஜ் மலரில் இதைப் படிக்கிறவர்கள் பாதியிலேயே என் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார்கள். உனக்கு வயது மூன்று மாதம்தான். ஆனால் புரோகிராம் ஜாதகப்படி அது வேலைக்குப் போகும் வயசு.

பிள்ளை வெளியே போகும்போது நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது அப்பன்களின் உரிமை. என் அப்பா எனக்குச் சொன்ன நாலு வார்த்தையை நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அந்த நேரத்தில் பரீட்சைக்குப் படித்திருப்பேன், உன்னைப் பெற்றே இருக்கமாட்டேன். ஆகவே நீயும் நான் சொல்வதைக் கேட்பாய் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் உன் முதல் வேலையிலேயே நீ ஒரு காரியம் செய்தாய். அதை நீ செய்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்யச் சொன்னவன் நான்.

நீ பிறந்தது அக்கா கல்யாணத்துக்காக. விருந்தாளிகளை அழைத்து வர செல்வம் அண்ணனிடம் வேன்கள் பேசியிருந்தோம். யார் எந்த ஊர், எந்த வேன், எந்த ஸ்டாப்பில் நிற்பார்கள் என்று டிரைவர்களுக்கு ஆளுக்கு ஒரு பேப்பர் கொடுக்க வேண்டும். அப்பா வீட்டுக்கு ஒரு பெயராக எக்செல்லில் அடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் பிரித்து எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதுவதா, நானா? அதைப் படித்துப் பிரிக்க ஒரு மகனைப் பெற்றால் போயிற்று என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

நீ செய்ய வேண்டியது எளிமையான வேலை. புரோகிராமில் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு டப்பா வேண்டும், டப்பா மேல் ஒரு பெயர் வேண்டும். அதைத்தான் வேரியபிள் என்கிறோம். வழக்கமாக எழுதுகிறவன்தான் உட்கார்ந்து டப்பாவுக்குப் பெயர் வைப்பான். அத்தனை விருந்தாளிக்கும் நான் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் அக்காவுக்கு வளைகாப்பே வந்துவிடும். எனவே உனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தேன். பட்டியலை ஏற்றும்போதே நீயே ஒவ்வொரு பெயராகப் படித்து, அந்தப் பெயரிலேயே ஒரு டப்பா செய்து, அவருடைய ஊரையும் ஸ்டாப்பையும் அதில் போட்டு மூடிக்கொள்வாய். சுப்பிரமணி என்று ஒரு விருந்தாளி இருந்தால், நான் சொல்லாமலேயே சுப்பிரமணி என்று ஒரு டப்பா முளைத்து நிற்கும். அதை முதல்முறை திரையில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பெற்ற பிள்ளை தானாக எழுந்து நடந்த மாதிரி.

அக்கா சென்னையில் ஐடி வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்கு லீவில் வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, மருதாணிக் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உன்னை ஒரு பார்வை பார்த்தாள். "டேய், ஆளுங்க பேர்ல வேரியபிள் பண்ணாதடா. எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு நம்பர் குடு. வெளியில இருந்து வர்ற பேரு எப்படி வரும்னு உனக்குத் தெரியாது." நான், "கல்யாணப் பொண்ணு தலையக் குனிஞ்சிக்கினு போவணும், லேப்டாப்ப எல்லாம் எட்டிப் பாக்கக் கூடாது" என்றேன். காய்ந்த மருதாணியை என் சட்டையில் உதிர்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு என் மேல் எப்போதும் சந்தேகம். அதற்கு நியாயம் உண்டு. அவள் போனில் என் நம்பரை 'மேனேஜர்' என்று மாற்றி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து அவளை "யெஸ் சார்" என்று எழுந்து உட்கார வைத்தவன் நான். ஒரு பெயருக்குள் வேறு ஆளை வைத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியவில்லை, மகனே. நீயும் ஒருமுறை எச்சரித்துப் பார்த்தாய். வேன் கிளம்பும் நேரத்தை வைக்க நானே ஒரு டப்பா செய்து அதற்கு 'மணி' என்று பெயர் வைத்திருந்தேன். பட்டியலில் போளூர் மணி சித்தப்பா வந்தார். நீ அவர் பெயரில் டப்பா தேடினாய், ஏற்கெனவே ஒன்று இருந்தது, உள்ளே இருந்த நேரத்தைக் கொட்டிவிட்டு அவரைப் போட்டுக்கொண்டாய். அச்சில் வந்தது, 'வேன் புறப்படும் நேரம்: போளூர்'. வீடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அந்த ஒரு டப்பாவின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேன். உன் பழக்கத்தை மாற்றவில்லை. இருக்கிற டப்பாவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கொட்டுவது, கொட்டியதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது, இந்த இரண்டும் உன் ரத்தத்தில் அப்படியே இருந்தன.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. சில பெயர்களில் நீ முறைத்துக்கொண்டு நின்றாய். இனிஷியல் இருக்கும் பெயர்கள். இனிஷியலுக்குப் பிறகு ஒரு புள்ளி, அதற்குப் பிறகு ஓர் இடைவெளி, இவை இரண்டும் இருந்தால் டப்பாவின் பெயராக அதை நீ ஏற்கமாட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "இனிஷியலை வெட்டு" என்று ஒரே வரி எழுதினேன். ஓடியது. நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பன் பெயர். வந்திருந்த எல்லோருடைய அப்பன் பெயரையும் ஒரே வெட்டில் எடுத்துவிட்டு, பெற்ற அப்பன் நான், உன்னைத் தட்டிக் கொடுத்தேன்.

இப்போது உனக்கு என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, க. அண்ணாமலை. கீழ்பென்னாத்தூருக்கு முன்னால், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிராமத்தில் வேர்க்கடலை போடுகிறார். நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது அடித்த பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போனது. பிரஸ்காரன் விட்டானா, அப்பா விட்டாரா என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டை போடவில்லை, வரவும் இல்லை. அதற்குப் பிறகு பொங்கல் இல்லை, தீபம் இல்லை, ஒரு போன் இல்லை. அக்கா கல்யாணம் முடிவானதும் அம்மா தனியாக பஸ் ஏறிப் போய்த் தட்டு வைத்து அழைத்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணமேடை ஏறுவாள். "வர்றேன்க்கா" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா ஒரு மாதம் பாட்டுப் பாடாத குறையாக வளைய வந்தாள். இன்னொரு தடவை அவர் பெயர் விட்டுப்போனால் அம்மாவுக்குத் தம்பி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உனக்கு மட்டும் தெரியாது, நான் சொல்லவில்லை.

பட்டியலில் இன்னோர் அண்ணாமலை இருந்தார். மு. அண்ணாமலை, அப்பாவின் ஆபீஸ் நண்பர், ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணாமலை என்று இரண்டே பேர்தான் வந்தார்கள் என்றால் அது சின்னக் கல்யாணம் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை பார். முதலில் மாமாவைப் படித்தாய், 'அண்ணாமலை' என்று டப்பா செய்து கீழ்பென்னாத்தூர் ரோடு என்று போட்டாய். பிறகு அப்பாவின் நண்பரைப் படித்தாய். இனிஷியல் போய்விட்டது, அதே பெயர், அதே டப்பா. மாமாவைக் கொட்டிவிட்டு அடி அண்ணாமலையைப் போட்டாய். சத்தமே இல்லை. பேப்பர் அடிக்கும்போது அண்ணாமலை என்று வந்த இரண்டு இடத்துக்கும் அந்த ஒரே டப்பாவைத் திறந்து பார்த்து, இரண்டு பேரையும் அடி அண்ணாமலை வேனில் ஏற்றினாய். நான் பெயர்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை கரெக்டாக இருந்தது. என் பிள்ளை கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு பட்டு வேட்டி கட்டப் போனேன்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் எனக்கு ஒரு போன். அடி அண்ணாமலை வேன் டிரைவர். "தம்பி, பேப்பர்ல ரெண்டு அண்ணாமலை போட்ருக்கு. ஒருத்தர் ஏறிட்டாரு. இன்னொருத்தர் யாரு?"

"அங்க ஒரு அண்ணாமலைதாண்ணா."

"ரெண்டு போட்ருக்கேப்பா. டீக்கடையாண்ட நின்னு அண்ணாமலைனு ஒரு சவுண்டு குடுத்தேன். மூணு பேர் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தர் வேட்டி மாத்திக்கினு வரேன்னு வீட்டுக்குப் போயிருக்காரு. வெயிட் பண்ணவா, வேணாமா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழ்பென்னாத்தூர் வேன் மண்டப வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்களில் மாமா இல்லை. அந்த டிரைவரிடம் ஓடினேன். "வழியில ஒருத்தர் கைகாட்டினாருப்பா. குடும்பத்தோட, சீர்த்தட்டெல்லாம் வச்சிக்கினு நின்னாரு. பேப்பர்ல அந்த ஸ்டாப் இல்ல. வேற கல்யாணம் போலனு வந்துட்டேன்" என்றார். அக்கா பெயரும் அத்தான் பெயரும் முன் கண்ணாடியில் பெரிதாக ஒட்டிய வேன், மகனே. சொந்தத் தாய்மாமன் கைகாட்ட, அது நிற்காமல் போயிருக்கிறது.

சமாளித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் கடந்த மூன்று மாதமாக நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவது அதற்காகத்தான். திரும்பினால் அம்மா நிற்கிறாள். கையில் போன். "உன் மாமா எங்கடா?" என்றாள். ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டேன். "அவருக்கு மட்டும் ஸ்பெஷல் ஏற்பாடுமா. தாய்மாமன கூட்டத்தோட கூட்டமா வேன்ல அடைச்சிக் கூட்டியாந்தா மரியாதையா இருக்குமா? தனி கார்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்டியா? பரவால்லயே" என்று சொல்லிவிட்டு மணமேடைக்குப் பின்பக்கம் போனாள். நான் செல்வம் அண்ணனின் சொந்தக் காரைக் கெஞ்சி வாங்கி டிரைவரை உட்கார வைத்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், ஹாரன், யாரோ விசில் அடிக்கிறார்கள். ரோட்டோரத்தில் நிற்கிறார், பாவம், என்று நினைத்தேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ரோட்டு மேலதான்டா."

"வேன் வந்துதா? அதுல நீங்க ஏறக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன். உங்களுக்குத் தனி கார் மாமா. அம்மா ஆர்டர்."

தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது. பிறகு, "அப்டியா? நான்கூட என்னமோ ஏதோனு நெனச்சிட்டேன். சரி, பஸ் ஸ்டாண்டாண்ட அனுப்பு. அங்க கொஞ்சம் உதிரிப்பூ வாங்க வேண்டியிருக்குது, வந்து நிக்கிறேன்" என்றார். நம்பிவிட்டார்! போனை வைத்துவிட்டு மண்டபத் தூணில் சாய்ந்து நின்றேன். தூரத்தில் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. தம்பி வருகிறான் என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கார் வந்தது. கதவைத் திறந்துவிட்டது நான். மாமா ராஜா மாதிரி இறங்கினார், பின்னால் அத்தை சீர்த்தட்டோடு இறங்கினாள். சுருட்டிய காகிதத் துண்டு ஒன்றை என் கையில் திணித்து, "கீழ போட்டுடுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போட்டேன். அக்காவுக்கு மாலை போட்டுக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். பந்தியில் எல்லோரிடமும், "எனக்குத் தனி காரு. மச்சான் பையன் ஏற்பாடு" என்று சத்தமாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் செல்வம் அண்ணன், பௌர்ணமி கிரிவல வேன் புக்கிங்குக்கு உன்னை வேலைக்குக் கேட்டார். ஆக உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் என் வாய்தான்.

இப்போது நீ பழைய ஆள் இல்லை. ஆளின் பெயரில் டப்பா செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டாய். எல்லோரும் ஒரே பெட்டியில், ஆளுக்கு ஓர் எண்ணோடு, இனிஷியலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே பெயர் இரண்டாவது தடவை வந்தால் நின்று, "இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், இவர் வேறா?" என்று கேட்கிறாய். போன பௌர்ணமிப் பட்டியலை வைத்து ஒத்திகை பார்த்தோம். அண்ணாமலை, அருணாசலம், அருணா என்று வரிசையாக வர, நீ வாய் ஓயாமல் கேட்டாய். செல்வம் அண்ணன், "என்னா தம்பி, உன் புள்ள இவ்ளோ கேள்வி கேக்குது, உன்ன மாதிரி கம்மியா படிச்சதா, ஜாஸ்தியா படிச்சதா?" என்றார். கேட்கட்டும், மகனே. நீ எவ்வளவு நச்சரித்தாலும் எனக்குக் கவலை இல்லை. பிழை செய்கிற பிள்ளையைத் திருத்திவிடலாம், பிழையைச் சத்தமில்லாமல் செய்கிற பிள்ளையை என்ன செய்வது? சந்தேகம் வந்தால் நின்று கேள். யாரையாவது கொட்ட வேண்டி வந்தால் யாரைக் கொட்டுகிறாய் என்று சொல்லிவிட்டுக் கொட்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் ஆட்களும் சரியாக இருப்பார்கள் என்று நினைக்காதே. புள்ளியும் இடைவெளியும் உனக்குத் தொந்தரவாக இருந்தால் அது உன் தொந்தரவு, அதற்காக அடுத்தவருடைய அப்பனை வெட்டாதே.

இத்தோடு முடித்திருந்தால் நான் நல்ல அப்பனாகவே இருந்திருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். சமையலறையில் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்க, மாமா எதிரே உட்கார்ந்து உரித்ததைத் தின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போலத் தனி கார் கதையை ஆரம்பித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்குப் புரையேறியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடினாள். தோள் குலுங்கியது. அதே குலுக்கல். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கல்யாணத்தன்று அவள் அழவே இல்லை.

வேன் நிற்காமல் போனதும் மாமா அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். முன்னே மாதிரி மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. "என்னாக்கா, மறுபடியுமா?" என்று கத்தியிருக்கிறார். "உன் அக்கா புள்ளைக்கு ஒரு புள்ள பொறந்திருக்குது, அதான் உன்ன ரோட்ல நிக்க வச்சிட்டுது. கோவிச்சிக்காத, வர்ற பஸ்ஸுல ஏறு" என்றிருக்கிறாள் அம்மா. ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா என்னிடம் வந்து மாமா எங்கே என்று கேட்டது. நான் கார் கதை விட்டதும் பின்பக்கம் போய், "கூப்புடுவான் பாரு. அவன் போக்குல வுட்டுப் புடி" என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்ட விசில் கண்டக்டருடையது. உதிரிப்பூ எல்லாம் இல்லை, பஸ் அங்கேதான் நிற்கும்.

"கத்தாம இருந்தாதான்டா பயப்படணும்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இந்தத் தடவ கத்துனான், எனக்கு உசுரு வந்துது." உனக்கு நான் மேலே எழுதிய பெரிய அறிவுரை அங்கிருந்து சுட்டதுதான். உன்னைத் திருத்தி எழுதியதும் நான் இல்லை. மறுவீட்டுக்கு வந்த அக்கா, நான் தூங்கும்போது உட்கார்ந்து எழுதிவிட்டு, "நீ எழுதினதா சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிக்கொண்டேன்.

போய் வா, மகனே. உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியலைப் போட்டு அனுப்புகிறேன், அதை மட்டும் நானே அடித்தேன். வேறு எதையும் நான் சமாளிக்கவில்லை. கார் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். என் கையில் மாமா திணித்தது பஸ் டிக்கெட். பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டேன்.